கோன் ஃபில்டர் மாட்டினால் கார் ஏலகிரி ஏறுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. அவரிடம் 2014இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் இருக்கிறது, 85,000 கிலோமீட்டர் ஓடியது. போன மே மாதம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு ஏலகிரி ஏறியபோது வண்டி சுத்தமாக இழுக்கவில்லை. ஆக்சசரீஸ் கடைக்காரர் ஒருவர், "கம்பெனி ஃபில்டர் எஞ்சினோட மூக்கைப் பிடிச்சு வெச்சிருக்கு. பாக்ஸோட கழட்டிட்டு கோன் ஃபில்டர் போடுங்க, 10 எச்பி ஏறும், மைலேஜும் கூடும்" என்று சொல்லி ஏழாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். கோன் ஃபில்டர் என்பது, எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்ட, கம்பெனி பாக்ஸுக்குப் பதிலாகத் திறந்தபடி மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர். நண்பர் ஒருவர் மாட்டியிருக்கிறாராம், சத்தமே வேற மாதிரி இருக்கிறதாம். போடலாமா என்று கேட்கிறார். கூடவே, மாமாவின் டீசல் வண்டிக்கும் இது பொருந்துமா என்று ஒரு துணைக் கேள்வி.

வேண்டாம் தம்பி. இத்தோடு நிறுத்தினால் ஏழாயிரம் மிச்சமாகும், ஆனால் வண்டி இழுக்காத பிரச்சினை அப்படியே இருக்கும். அதனால் உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காட்பாடியில் முப்பது வருஷமாகப் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். கோன் ஃபில்டரை ஆசைப்பட்டு என் சொந்த வண்டியில் மாட்டிப் பார்த்தவன்தான் நானும். அந்தக் கதையும் வரும்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது சுலபம். இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போதும். காற்றை அப்படி ஊற்ற முடியாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளிவிட்டுத்தான் அது உள்ளே வர வேண்டும். எவ்வளவு காற்று வந்ததோ அதற்குத் தக்க பெட்ரோலைத்தான் எரிக்க முடியும், அதற்குத் தக்க சக்திதான் கிடைக்கும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ வாக்கில் இருக்கும். அதை எரிக்க 11 கிலோ காற்று. நம் ஊர் வெக்கையில் அது ஒன்பதாயிரத்துச் சொச்சம் லிட்டர் வரும். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பதை வரிசையாக வைத்து நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அவ்வளவு காற்று. அவ்வளவும் அந்தக் காகித ஃபில்டர் வழியாகத்தான் போகிறது.

உங்கள் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 6,000 சுற்றில், முழு ஆக்சிலரேட்டரில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 3,000 தடவை மூச்சை இழுக்கும். 1.2 லிட்டர் பெருக்கல் 3,000, அதாவது 3,600 லிட்டர். சிலிண்டர் ஒருபோதும் முழுசாக நிரம்பாது என்பதால் 3,000 லிட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 50 லிட்டர்.

இந்த 50 லிட்டர் வரும் பாதையைப் பாருங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ ரேடியேட்டருக்கு மேலோ பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டிருக்கும். வெளிக்காற்று அங்கேதான் நுழைகிறது. அதிலிருந்து ஃபில்டர் பாக்ஸ், பிறகு மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திறக்கும் கதவான த்ராட்டில் பாடி, காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு, கடைசியில் வால்வு. அந்த வாய்க் குழாயின் குறுகலான இடம் 5 சென்டிமீட்டர் விட்டம் என்றால், நொடிக்கு 50 லிட்டர் போக அங்கே காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். சின்னப் புயல்தான். அதே காற்று ஃபில்டருக்கு வந்ததும் என்ன ஆகிறது? காகிதம் மடித்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஃபில்டர் ஒன்றை எடுத்து மடிப்பைப் பிரித்துத் தரையில் விரித்துப் பாருங்கள், அரை சதுர மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு பரப்பில் அதே 50 லிட்டர் பரவும்போது காற்றின் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர்கூட இருக்காது. எறும்பு கொஞ்சம் வேகமாக ஓடினால் அந்த வேகம்தான். குழாயில் புயலாக வந்தது காகிதத்தில் ஊர்ந்து போகிறது. கடைக்காரர் மூக்கைப் பிடிக்கிறது என்று காட்டிய இடம்தான், பாதையிலேயே காற்று நிதானமாக மூச்சுவிடும் இடம்.

இதை நான் கணக்கோடு விடவில்லை, அளந்தும் பார்த்தேன். செலவு நாற்பது ரூபாய்கூட ஆகாது. தச்சர்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் இரண்டு மூன்று மீட்டர் வாங்குங்கள். ரப்பர் குழாயில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் டியூப் வந்து சேரும் இடத்தில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு அதன் ஒரு முனையைச் செருகுங்கள். மறு முனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஒரு பலகையில் யூ வடிவத்தில் வளைத்து ஒட்டி, அந்த வளைவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். மஞ்சள் பொடி கலந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எஞ்சின் இழுக்க இழுக்க ஒரு பக்கம் தண்ணீர் ஏறும். இரண்டு பக்க மட்டத்துக்கும் இடையில் எத்தனை அங்குலமோ அதுதான் ஃபில்டரும் குழாயும் சேர்ந்து காற்றைத் தடுக்கும் அளவு. தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள். ஃபில்டர் படுமோசமாக அடைத்திருந்தால் அது டியூப் வழியே ஏறி எஞ்சினுக்குள் போய்விடும். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

விடியற்காலையில் பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் செகண்ட் கியரில் 6,000 வரை மிதித்துப் பார்த்தோம். உங்களுடையதைப் போன்ற ஒரு 1.2 லிட்டர் வண்டி, ஃபில்டர் புதுசு. மொத்தத் தடை ஆறு அங்குலம். ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தபோது நாலு. அதாவது காகிதத்தின் பங்கு இரண்டு அங்குலம், மீதி நாலும் குழாயும் வளைவுகளும்.

வெளிக்காற்றின் மொத்த அழுத்தத்தையும் இதே டியூபில் அளக்க முடிந்தால் ஏறக்குறைய 400 அங்குலத் தண்ணீர் வரும். அதில் ஆறு என்பது ஒன்றரை சதவீதம், இரண்டு என்பது அரை சதவீதம். உங்களுடையதைப் போன்ற 83 எச்பி எஞ்சினில் அரை சதவீதம் என்பது அரை எச்பி, அதாவது அரைக் குதிரைகூட இல்லை. ஃபில்டர், பாக்ஸ், குழாய் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாலே ஒன்றேகால் எச்பிதான் கிடைக்கும். கடைக்காரர் சொல்லும் 10 எச்பி உண்மையானால், கம்பெனி ஃபில்டரும் பாக்ஸும் சேர்ந்து 48 அங்குலம் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு பாக்ஸை வரைந்த இன்ஜினியரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

டியூப் கட்ட நேரமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2013க்குப் பிறகு வந்த கார்களில், எஞ்சினின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனரை இணைக்கும் ஓபிடி சாக்கெட் இருக்கும். ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிச் செருகிவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். வேலூரில் 98 கிலோபாஸ்கல் வாக்கில் காட்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் கடல் மட்டத்து அளவான 101 வராது. பிறகு ஓட்டும்போது முழு ஆக்சிலரேட்டரில் அதிக ஆர்பிஎம்மில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 95, 96 என்று வந்தால் பாதை சுத்தமாக இருக்கிறது. 90க்குக் கீழே போனால்தான் எங்கேயோ அடைப்பு. ஏழாயிரம் செலவு செய்யும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. கோன் ஃபில்டரில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதுதான். கம்பெனி பாக்ஸின் வாய் வண்டியின் முன்பக்கம் வெளிக்காற்றைப் பார்த்து இருக்கிறது. கோன் ஃபில்டரை எங்கே மாட்டுகிறார்கள்? த்ராட்டில் பாடியிலேயே, எஞ்சினுக்குப் பக்கத்தில், பானெட்டுக்குள். ரேடியேட்டர் வழியாக வந்து சூடான காற்றையும், எக்ஸாஸ்ட் பக்கத்து அனலையும் அது உறிஞ்சுகிறது. நான் என் வண்டியில் மாட்டியபோது கத்திரி வெயில். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது அப்போது பெரிய செய்தியே இல்லை. கிரீன் சர்க்கிளில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஸ்கேனரில் உள்ளே போகும் காற்றின் வெப்பம் 68 டிகிரி. பழைய பாக்ஸைத் திருப்பி மாட்டிவிட்டு அடுத்த நாள் அதே நேரத்தில் பார்த்தேன், 48.

காற்று சூடானால் விரியும், அதே லிட்டரில் எடை குறையும். 48க்கும் 68க்கும் நடுவில் 20 டிகிரி. காற்றின் எடை 6 சதவீதம் குறைகிறது. சக்தி அப்படியே 6 சதவீதம் குறைந்துவிடாது. சூடான மேனிஃபோல்டும் வால்வும் எப்படியும் காற்றைச் சூடாக்கத்தான் போகின்றன, அதனால் பாதி இழப்பு என்று வையுங்கள். அதுவே இரண்டரை எச்பி. போதாததற்கு, காற்று சூடாக வந்தால் பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும் என்று பயந்து, எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியு ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதில் இன்னும் கொஞ்சம் போகும். அரைக் குதிரை சம்பாதிக்கப் போய் மூன்று குதிரை விட்டுவிட்டு வந்த கணக்கு.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹைவேயில் 80, 90இல் ஒரே சீராகப் போகும்போது பானெட்டுக்குள் காற்று ஓடுவதால் இந்த வித்தியாசம் நன்றாகவே குறைந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்டது ஏலகிரி. புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முப்பதைத் தாண்டாது. எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும், ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் சுற்றும், பானெட்டுக்குள் காற்று நகராது. கோன் ஃபில்டருக்கு அதைவிட மோசமான இடம் நம் பக்கத்தில் கிடையாது. பானெட்டில் ஓட்டை போட்டு, காற்றை உள்ளே அள்ளும் ஸ்கூப் வைப்பவர்களும் இருக்கிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முழுதாக உள்ளே அமுங்கினாலும் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் அரை சதவீதம்கூட இல்லை. முப்பதில் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் வண்டி ஏன் இழுக்கவில்லை? ஏலகிரி 1,110 மீட்டர் உயரம். மேலே போனால் காற்றழுத்தம் 89 கிலோபாஸ்கல்தான், வேலூரில் இருப்பதைவிடப் பத்து சதவீதம் குறைவு. மேலே கொஞ்சம் குளிர்ச்சி என்பதால் இரண்டு மூன்று சதவீதம் திரும்பக் கிடைக்கும். இந்த இழப்பை எந்த ஃபில்டராலும் ஈடுகட்ட முடியாது, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால்தான் முடியும். ஏசி கம்ப்ரசர் தன் பங்குக்கு மூன்று நாலு எச்பியைத் தின்னும். இவற்றைவிடப் பெரிய காரணம் கியர். நீங்கள் தேர்டில் 2,000, 2,500 ஆர்பிஎம்மில் ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், சத்தம் போடக்கூடாது என்று நம்மவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள். 83 எச்பி என்று விளம்பரத்தில் போட்டிருப்பது 6,000 ஆர்பிஎம்மில். 2,500இல் உங்கள் கையில் இருப்பது 37 வாக்கில்தான். செகண்டுக்கு இறக்கி 4,000இல் ஓட்டினால் 60க்கு மேல். எஞ்சின் கத்தும், கத்தட்டும், அது அதற்காகவே செய்தது. வளைவுகள் முடியும் வரை ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் இன்னும் நல்லது, ஏலகிரிக் காற்றுக்கு என்ன குறை.

85,000 ஓடிய வண்டி என்பதால் ஸ்பார்க் பிளக், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, விடாமல் ஒட்டிக்கொண்டு உரசும் பிரேக், கிளட்ச் வழுக்கல், டயர் காற்று, இவற்றையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். பாதி வண்டிகளில் கோளாறு இதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

இனி தூசி. வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று. முதல் இரண்டும் மெக்கானிக்குக் கேலி இல்லை. வறண்ட பாலாற்று மணலும் மொட்டைப் பாறை மலைகளும் சேர்ந்துதான் நம் வண்டிகளின் ஃபில்டரை நிரப்புகின்றன. போதாதென்று ஜல்லி க்ரஷர்கள், எம்-சாண்ட் லாரிகள். கருங்கல் தூளில் இருக்கும் குவார்ட்ஸ் எஞ்சினின் சிலிண்டர் சுவர் இரும்பைவிடக் கடினம். அந்தச் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வாக்கில். பெரிய மணலை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் தூள்தான் அந்த இடுக்கில் புகுந்து உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் தேய்க்கும்.

ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறை இருக்கிறது. அளவெடுத்த தூசியை ஊதி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தப்பியது, தடை எவ்வளவு ஏறியது என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். அரிசோனாப் பாலைவனத் தூசியை அடிப்படையாக வைத்துச் செய்த தூளைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பெட்டியில் 99 சதவீதம், 97 சதவீதம் என்று போட்டிருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். எஞ்சினுக்குப் பிடிபட்டதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தப்பியதுதான் அதைத் தின்கிறது. ஒன்று எங்கே, மூன்று எங்கே? மூன்று மடங்கு தூசி உள்ளே போகிறது. கோன் ஃபில்டர்களில் பல எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி ஃபில்டர்கள், அவை காற்றைச் சுலபமாக விடுவது உண்மை. அவற்றில் பல, நுண்தூளை நல்ல காகிதம் பிடிக்கும் அளவு பிடிப்பதில்லை. காற்றுக்கு வழி விட்டால் தூசிக்கும் கொஞ்சம் வழி விட்டதாகத்தான் ஆகும். ரேஸ் வண்டிக்கு அது சரி, அந்த எஞ்சினை ரேஸ் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். நாம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள்.

என்னிடம் வந்த வண்டி ஒன்றைச் சொல்கிறேன். க்ரஷர் பக்கம் தினமும் போய்வரும் ஒருவர், கோன் ஃபில்டர் மாட்டி ஒன்றரை வருஷம் ஓட்டியிருந்தார். எண்ணெய் தடவித்தான் மாட்ட வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது, கழுவிக் காயவைத்து அப்படியே போட்டிருக்கிறார். ஃபில்டரைக் கழற்றி உள்பக்கக் குழாயை விரலால் தடவினேன், கோதுமை மாவு போல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது வண்டி. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் இறங்கிப்போயிருந்தது. ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, ரிங், பிஸ்டன் மாற்றிய செலவில் காகித ஃபில்டராக வாங்கியிருந்தால் அவர் பேரன் காலம் வரைக்கும் வந்திருக்கும்.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சின் பக்கத்து உள்சுவரைத் துடையுங்கள். சுத்தமாக வர வேண்டும். மண் நிறம் வந்தால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது ஓரம் சரியாக உட்காரவில்லை. இரண்டாவதுதான் அதிகம். மலிவான டூப்ளிகேட் ஃபில்டர்களில் காகிதத்தைவிட அந்த ரப்பர் ஓரம்தான் மோசமாக இருக்கும். பாக்ஸின் கிளிப் உடைந்து கம்பியால் கட்டிய வண்டிகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். ஒரு முறை பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி வேர்க்கடலைத் தோலும் கடித்த காகிதமும் இருந்தன. எலி வாய்க் குழாய் வழியாக வந்து குடும்பம் நடத்தியிருக்கிறது.

ஃபில்டரை அடிக்கடி கம்ப்ரசர் காற்றால் ஊதுவது நம் ஊரில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. காற்றடிக்கும் பையன் முனையைக் காகிதத்தில் ஒட்டி வைத்து முழு அழுத்தத்தில் அடிப்பான், கரும்புகை மாதிரித் தூசி பறக்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். காகிதத்தில் அப்போது விழும் ஊசித்துளைகள் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர்தான் நுண்தூளை நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே இன்னொரு வடிகட்டியாக வேலை செய்கிறது. ஊதியே தீர வேண்டும் என்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தள்ளி நின்று, குறைந்த காற்றில். இல்லையென்றால் தரையில் லேசாகத் தட்டி மாட்டுங்கள். முந்நூறு நானூறு ரூபாய்ப் பொருள், நேரம் வந்தால் மாற்றிவிடுங்கள். கையேட்டில் 30,000, 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி என்று உள் ரோடுகளில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி.

மைலேஜ் விஷயத்தில் மெக்கானிக்குகளான நாங்களே பல வருஷம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. காற்று குறைந்தாலும் அங்கே பெட்ரோல் குறையாது. இன்ஜெக்ஷன் வண்டியில் எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மோப்பம் பிடித்துச் சொல்ல, ஈசியு பெட்ரோலைக் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 2009இல் இதைச் சோதித்தார்கள். அடைத்த ஃபில்டரோடு ஓட்டியும் இன்ஜெக்ஷன் கார்களின் மைலேஜ் சொல்லும்படி மாறவில்லை, வேகம் பிடிக்கும் நேரம்தான் கூடியது. யோசித்தால் ஆச்சரியமில்லை. நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி த்ராட்டில் பாதிகூடத் திறந்திருப்பதில்லை, காற்றை வேண்டுமென்றே தடுத்துத்தான் வண்டியின் வேகத்தை அடக்குகிறோம். ஃபில்டர் கொஞ்சம் கூடுதலாகத் தடுத்தால் கால் தானாகக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்கும், அவ்வளவுதான். அடைத்த ஃபில்டருக்கே மைலேஜ் குறையவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரை எடுத்துவிட்டுக் கோன் மாட்டினால் எப்படிக் கூடும்?

ஃபில்டர் பாக்ஸ் ஏன் அவ்வளவு பெரிசு, அதோடு ஒட்டிக்கொண்டு மூடிய டப்பா மாதிரி ஒன்று ஏன் இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். அதுதான் ரெசொனேட்டர். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஊம் என்று கேட்கும் அல்லவா, அதே தத்துவம்தான். வால்வு திறந்து மூடும்போது குழாய்க்குள் காற்று முன்னும் பின்னும் அலையடிக்கும். அந்த அலையில் காதை உறுத்தும் சுருதியை டப்பா விழுங்கிவிடுகிறது. மேனிஃபோல்டு குழாய்களின் நீளமும் இந்த அலையைக் கணக்கிட்டுத்தான் வைக்கப்படுகிறது. நீளமான குழாய் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தரும், குட்டையானது மேலே போகப் போகத் தரும். அளந்து வைத்த பாக்ஸையும் குழாயையும் தூக்கிவிட்டால் 2,000, 3,000 பக்கம் இழுவை கொஞ்சம் குறைவதை நானே உணர்ந்திருக்கிறேன். ஆனால் சத்தம் கூடிவிடுவதால் வண்டி பறப்பது போலவே தோன்றும். உங்கள் நண்பருக்கும் நடப்பது இதுதான். காது சொல்வதை உடம்பு நம்பிவிடுகிறது. நானும் முதல் வாரம் முழுக்க வண்டி கிழிக்கிறது என்று பெருமையடித்தேன், வாட்சை வைத்து அளந்த பிறகுதான் வாயை மூடினேன்.

மாமாவின் டீசலுக்கு வருவோம். டர்போ டீசலில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் வண்டியைவிட அதிகம் வலிக்கும். டர்போ, உள்ளே வரும் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கி அனுப்புகிறது என்று வையுங்கள். நுழைவில் தொலைந்த அழுத்தமும் வெளியே வரும்போது இரண்டு மடங்காகத் தொலைந்திருக்கும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், சூடாகும். அடைப்பு மிஞ்சினால் சீல் வழியாக ஆயிலையே உறிஞ்சும். மேடேறும்போது கரும்புகை வந்தால் முதலில் ஃபில்டரைத்தான் பார்ப்பேன். லாரி, பஸ்களில் ஃபில்டர் தடை 25 அங்குலத் தண்ணீர் அளவுக்கு வந்தால் சிவப்பு காட்டும் இண்டிகேட்டர் வைத்திருப்பார்கள், கார்களில் பெரும்பாலும் அது கிடையாது. எண்ணெய் தடவும் ஃபில்டரை மாமாவின் வண்டியில் மாட்டவே மாட்டாதீர்கள். பல டீசல் கார்களில் ஃபில்டரை ஒட்டியே காற்றை அளக்கும் சூட்டுக் கம்பி சென்சார் இருக்கும். அதிகமாகத் தடவிய எண்ணெய் அதன்மேல் படிந்தால் அளவு தப்பும், இழுவை குறையும், செக் எஞ்சின் விளக்கு எரியும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடு பிரச்சினைக்குத் தீர்வாக நீளமான குழாய் போட்டு ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கும் கிட் விற்கிறார்கள். காற்று குளிர்ச்சியாகத்தான் வரும். மழைக்காலத்தில் ரயில்வே சப்வேயில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அதே குழாய் வழியாகத் தண்ணீரும் வரும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டினால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த சமயத்தில் அப்படி ராட் வளைந்த எஞ்சின்களைப் பிரித்திருக்கிறேன். அவற்றில் வாய்க் குழாய் மேலேயே இருந்த வண்டிகளும் உண்டு, கீழே இறக்கி வைத்தவர்களின் கதி எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

ஆகவே ஏழாயிரத்தை வைத்திருங்கள். ஒரிஜினல் காகித ஃபில்டர் ஒன்று, நாலு ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங், எல்லாம் சேர்ந்து அதில் பாதிகூட ஆகாது. பாக்ஸின் கிளிப்பும், முன்பக்க வாய்க் குழாயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பம்பர் வேலை செய்யும்போது அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுத் திருப்பி மாட்டாமல் விடுவது சகஜம். அது இல்லையென்றால் கம்பெனி பாக்ஸும் பானெட் சூட்டைத்தான் குடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு அந்தச் சத்தத்துக்காகவே வேண்டும் என்று தோன்றினால், அது உங்கள் ஆசை, நான் குறுக்கே நிற்கவில்லை. வாரன்டி முடிந்த வண்டிதானே. எஞ்சின் சூடு படாமல் ஃபில்டரைச் சுற்றி ஒரு தகரத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள், எண்ணெயை அளவாகத் தடவுங்கள், மாதம் ஒரு தடவை வெள்ளைத் துணிச் சோதனை செய்யுங்கள். கழற்றிய பழைய பாக்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். குழாயோடும் கிளிப்போடும் கேட்டு வாங்கி வந்து பரணில் போட்டு வையுங்கள், அடுத்த கத்திரிக்குள் தேவைப்படும்.